மறு: கரையைக் கடந்த பின் வருவதற்குப் பெயர் என்ன? – ‘மழைச்சுழி’ முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம். புயல் கரையைக் கடந்து, காற்று தணிந்த பின்னும் கனமழை கொட்டும் நிலைக்குத் தமிழில் ஒரு சொல் தேடி வருகிறோம். அதற்கு ஒருவர் எழுதியது:

> “ரெம்னன்ட் லோ என்பதற்கு ‘எச்சத் தாழ்வு’ என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.”

முடியாது ஐயா. அமெரிக்க வானிலையாளர்கள் ரெம்னன்ட் லோ என்பது, இடிமேகக் கூட்டம் கலைந்து காற்றும் மணிக்கு 63 கி.மீ.க்குக் கீழே இறங்கிவிட்ட காற்றழுத்தத் தாழ்வை. நாம் பெயர் தேடுவது காற்று தணிந்தும் மழைமேகம் கலையாத நிலைக்கு. அவர்கள் சொல்லை அப்படியே தமிழாக்கினால் ஆபத்தில்லாத ஒன்றின் பெயரை ஆபத்தான ஒன்றுக்குச் சூட்டியதாகிவிடும்.

ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. மறுநாள் ‘வலுவிழந்தது’ என்று செய்தி வந்தது. தருமபுரியில் அதைக் கேட்டவர்கள் ‘அப்பாடா, போச்சு’ என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அரூர் பக்கம் என் உறவினர் அறுத்த ராகிக் கதிரைக் களத்திலேயே குவித்து, தார்ப்பாய் போட்டு நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டுப் படுத்தார். டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் அரூரில் 33 செ.மீ., ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. ஊத்தங்கரையில் ஏரித் தண்ணீர் சாலைக்கு வந்து, ஓரமாய் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் புரட்டி இழுத்துப் போனதை எல்லோரும் பார்த்தோம். உறவினர் களத்தில் கல் நாலும் வைத்த இடத்திலேயே இருந்தன. தார்ப்பாயும் கதிரும் இல்லை.

‘வலுவிழந்தது’ பொய்யில்லை. ஆனால் அது காற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நம் படிநிலைகள் எல்லாமே காற்றை அளந்து வைத்தவை: மணிக்கு 31 கி.மீ.யில் தாழ்வு மண்டலம், 51-இல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 63-ஐ ஒட்டிப் புயல், 89-இல் தீவிரப் புயல். மழைக்கு இந்த ஏணியில் ஒரு படிகூட இல்லை.

புயல் வளர்வது கடலின் சூட்டில். மேல்நீர் 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து நீராகும்போது விடுகிற வெப்பம்தான் அதன் தீனி. கரை ஏறியதும் அந்தத் தீனி குறைகிறது, நிலத்தின் உராய்வில் காற்று தளர்கிறது. ஆனால் சுழற்சி உடனே நிற்பதில்லை. வங்கக்கடலின் ஈரக்காற்றை அது தொடர்ந்து உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்று சேர்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகளில் முட்டி மேலேறினால் மழை கூடும். 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கரையைக் கடந்த ஹெலீன் புயல், கடலே கண்ணில் படாத வட கரோலினாவின் ஆஷ்வில் மலைப்பகுதியை மூழ்கடித்ததும் இதே வகையில்தான்.

இதுவரை வந்த சொற்கள்: ‘எச்சப் புயல்’ – புயலுக்குரிய காற்று இல்லாதபோது புயல் என்பது பிழை. ‘கரையேறு தாழ்வு’ – எனக்குப் பிடித்தது. ஆனால் தமிழில் கரையேறுவது என்றால் பிழைத்துக்கொள்வது, எச்சரிக்கைக்கு ஆகாது. ‘உள்நிலத் தாழ்வு’ – குற்றமில்லை, உயிருமில்லை.

என் முன்மொழிவு மழைச்சுழி. ஆற்றுச் சுழிக்குப் பயப்படத் தெரியாத ஊர் நம்மிடம் இல்லை. ‘மேலடுக்குச் சுழற்சி’யோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். அது சுழற்சி, இது சுழி. செய்தி வாசிப்பவர் நாக்கிலும் வேறுபாடு நிற்கும். சுழி என்றால் பூச்சியம் என்ற பொருளும் உண்டுதான். ஆனால் ‘இன்றிரவு மழைச்சுழி ஊத்தங்கரை மேல் இருக்கும்’ என்று கேட்கிற யாரும் மழை பூச்சியம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வரையறை: கரையைக் கடந்து, புயலுக்குரிய காற்றை இழந்த பின்னும், சுழற்சி கலையாமல் கனமழை தரும் தாழ்வு.

மாற்று இருந்தால் எழுதுங்கள். ‘வலுவிழந்தது’ என்ற ஒற்றைச் சொல்லோடு அடுத்த மழைக்காலத்துக்குப் போகக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

– தருமபுரியிலிருந்து

———

> மாற்று இருந்தால் எழுதுங்கள்.

அண்ணா, மாற்று இல்லை, ஒரு சேர்ப்பு. ஊத்தங்கரைக்காரியாகச் சொல்கிறேன், சுழி எங்கே இருக்கிறது என்பதைவிட அது நகர்கிறதா என்பதுதான் எங்களுக்கு முக்கியம். 2017-இல் ஹார்வி புயல் அமெரிக்காவின் டெக்சாஸில் கரையைக் கடந்து, காற்று தளர்ந்த பின் அங்கேயே நாள்கணக்கில் சுற்றியது. ஓரிடத்தில் 150 செ.மீ.க்கு மேல் மழை. வேகமாய்க் கடந்திருந்தால் இவ்வளவு கொட்டியிருக்காது. அதனால் ‘நகர் மழைச்சுழி’, ‘நிலை மழைச்சுழி’ என்று இரண்டாகவே பதிவு செய்யலாம். இரண்டாவது பெயர் அறிவிப்பில் வந்தால் ஏரிக்கரையில் வண்டி நிறுத்தியிருப்பவர் எடுத்துவிட வேண்டும், களத்தில் கதிர் போட்டவர் ராத்திரியே வீட்டுக்குள் சேர்த்துவிட வேண்டும். அந்த அளவுக்குப் பொருள் ஏறிய சொல்லாக இது பழக வேண்டும்.

– ஊத்தங்கரையிலிருந்து