தாண்டிக்குடிக் கல்கட்டை இடிக்கலாமா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பஞ்சாயத்து

சித்தப்பா: தோட்டத்துப் படிநிலத்தில் மேல்படியைத் தாங்கும் கல்கட்டு மழையில் சரிந்துவிட்டது. படிகளை எல்லாம் ஜேசிபி வைத்து இடித்து, கீழே ஒரே சிமெண்ட் சுவராக எழுப்பிவிடலாமா?

செல்வி அத்தை: தொடாதே தம்பி! பழனி மலைப் படிநிலம் எல்லாம் 5000 வருஷப் பழசாம். நேற்றுதான் ஃபார்வர்ட் வந்தது.

கார்த்தி: ஃபார்வர்டில் எதுதான் அத்தை 5000 வருஷம் இல்லை 😀

கவிதா: தாண்டிக்குடியில் இரும்புக்காலக் கல்திட்டைகள் (பலகைக்கற்களால் எழுப்பிய ஈமச்சின்னங்கள்) இருப்பது உண்மை. தொல்லியல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்திருக்கிறார். அதை வைத்து நம் கல்கட்டுக்கும் அதே வயது என்று சொல்ல முடியாது. பிலிப்பைன்ஸில் இஃபுகாவ் நெல் படிகளையே 2000 வருஷம் என்றுதான் வெகுகாலம் சொன்னார்கள். தோண்டிப் பார்த்தவர்கள், நெல் அங்கே வந்து சுமார் 400 வருஷம்தான், அதற்கு முன் சேப்பங்கிழங்கு என்கிறார்கள்.

கவிதா: கட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்ணில் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று ஆய்வகத்தில் அளக்க முடியும் சித்தப்பா. இடித்துக் கலக்கிவிட்டால் அதுவும் போச்சு.

சித்தப்பா: பழசு என்று தெரிந்தால் வேலி போட்டுவிடுவார்கள். அப்புறம் வாழைக்கன்று நட நான் ஆபீஸ் ஆபீஸாக அலையணும்.

பெரியப்பா: 100 மீட்டர் தடை, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி என்பதெல்லாம் மத்திய அரசு அறிவித்த சின்னங்களைச் சுற்றிக் கட்டடம் கட்டத்தான். உழவுக்கு இல்லை. மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியைப் பார். 2022ல் 193 ஹெக்டேருக்கு மேல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். விவசாயம் நின்றுவிட்டதா? டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது அந்த அறிவிப்பும் ஊர்க்காரர்களுக்கு ஒரு பிடியாக இருந்தது. 2025 ஜனவரியில் ஏலமே ரத்து.

கவிதா: படிநிலம் கோயில் மாதிரி இல்லை, பூட்டி வைத்தால்தான் கெடும். இஃபுகாவ் 1995ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பிள்ளைகள் டவுனுக்குப் போக, வாய்க்காலும் கட்டும் கவனிப்பில்லாமல் கிடக்க, 2001ல் ஆபத்துப் பட்டியலுக்குப் போய்விட்டது. சரிசெய்து வெளியே வர 2012 ஆனது.

கார்த்தி: இதை நான் பெங்களூரிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன் 🙈

பெரியப்பா: சிமெண்ட் பேச்சே வேண்டாம்டா. கல்கட்டில் சாந்து கிடையாது, தண்ணீர் சந்து வழியாக வடிந்துவிடும். சிமெண்ட் சுவருக்குப் பின்னால் தேங்கி, மண் ஊறிக் கனத்து, ஒருநாள் மொத்தமாகத் தள்ளிவிடும். அடியில் பெருங்கல், பின்னால் சில்லுக்கல், மலைப்பக்கம் லேசான சாய்வு. அப்பா இப்படித்தான் அடுக்குவார்.

சித்தப்பா: அப்பா அடுக்குவார் அண்ணே. இப்போது ஆள் எங்கே? ஒருநாள் கூலி கேட்டால் தலை சுற்றுகிறது.

செல்வி அத்தை: பண்ணைக்காட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், நான் விசாரிக்கிறேன். கூலியில் பாதி என்னுடையது.

பெரியப்பா: மீதி நான். கொடைக்கானல் மலையில் ஜேசிபி இறக்க கலெக்டர் அனுமதி வேண்டும், தெரியுமில்லையா?

சித்தப்பா: ஜேசிபிக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டேனே 😐

பெரியப்பா: முதலில் அதைத் திருப்பி வாங்கு.