கமக்காரர் வாயால் சொன்னதை ஆய்வறிக்கையில் எப்படி மேற்கோள் காட்டுவது?

ஒட்டுசுட்டான் மாணவி:
வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்துச் சிறு குளங்களில் நீர்ப் பங்கீடு பற்றி இறுதியாண்டு ஆய்வறிக்கை எழுதுகிறேன். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) ஏழாம் பதிப்பு முறையில் கேட்டிருக்கிறார்கள். சஞ்சிகைக் கட்டுரைகளில் சிக்கல் இல்லை. எங்கள் ஊர்க் கமக்கார ஐயா ஒருவர் துருசு (குளத்து மதகு) திறக்கும் ஒழுங்கையும், தண்ணீர் குறைந்த வருடத்தில் சிறுபோகக் (கோடைக்கால வேளாண்மை) காணியை எப்படிப் பகிர்வார்கள் என்பதையும் விரிவாகச் சொன்னார். நான் தேடிய எந்த நூலிலும் அது இல்லை. அவரை உசாத்துணைப் பட்டியலில் சேர்க்கலாமா? இன்னொன்று, ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டிலிருந்து ஒரு பகுதி பிந்திய தமிழ் நூல் ஒன்றில் வருகிறது. மூலத்தை நான் பார்க்கவில்லை. லூயிஸ் என்றே போடலாமா?

கிளிநொச்சி வாசகர்:
பட்டியலில் வராது. ‘தனிப்பட்ட தொடர்பு’ என்று பெயரையும் திகதியையும் கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் மட்டும் கொடுங்கள். அவ்வளவுதான்.

கனகராயன்குளம் ஆசிரியை:
தங்கச்சி, மேலே சொன்னது பாதிதான் சரி. ஐயாவோடு எந்த முறையில் பேசினீர்கள் என்பதைப் பொறுத்தது இது. திண்ணையில் இருந்து சும்மா கதைத்தபோது சொன்னார் என்றால் தனிப்பட்ட தொடர்புதான். கேள்விக்கொத்தோடு போய், ஒப்புதல் வாங்கி எடுத்த நேர்காணல் என்றால் அவர் உங்கள் ஆய்வின் பங்கேற்பாளர். அப்போது அந்த அடைப்புக்குறியே தேவையில்லை. யாரை, எங்கே, எப்படிச் சந்தித்தீர்கள் என்று ஆய்வு முறையியலில் எழுதிவிட்டு, அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே தாருங்கள்.

தனிப்பட்ட தொடர்பு பட்டியலில் வராததற்குக் காரணம், வாசிப்பவர் தேடி எடுக்கக்கூடியவை மட்டுமே அங்கே இருக்க வேண்டும் என்பதுதான். பங்கேற்பாளர் சொன்னது உங்கள் சொந்த ஆய்வின் பகுதி என்பதால் வராது. சான்று தாழ்ந்தது என்பதல்ல. தயவுசெய்து ‘ஊர் மக்கள் கூறுகின்றனர்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வெள்ளைக்கார அதிகாரி எழுதியதற்குப் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் போடுகிறோம். குளக்கட்டிலேயே வாழ்நாள் கழித்தவர் சொன்னால் ‘சிலர்’ ஆகிவிடுகிறார். எத்தனையோ அறிக்கைகளில் இதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். எந்தக் குளம், எந்த வாய்க்கால், கமக்காரர் அமைப்பில் என்ன பொறுப்பில் இருந்தார் என்பதையாவது எழுதுங்கள். பெயர் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். 2009க்குப் பிறகு மீளக் குடியேறிய இடங்களில் காணி பற்றிய ஒரு வசனம் அவருக்கே வினையாக முடியலாம்.

லூயிஸ் விடயத்தில், கையில் வைத்து வாசித்த நூலைத்தான் காட்ட வேண்டும். கட்டுரைக்குள் ‘லூயிஸ், 1895’ என்று தொடங்கி, இன்னாரது நூலில் எடுத்தாளப்பட்டது என்று அந்த நூலின் ஆண்டோடு முடியுங்கள். பட்டியலில் அந்தத் தமிழ் நூல் மட்டும் வரும். ஆனாலும் ஆங்கில மூலத்தை ‘நூலகம்’ என்ற மின்னூலகத் தளத்திலும் இணைய ஆவணக் காப்பகத்திலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைத்து, நீங்களே தமிழாக்கினால் ஏபிஏ அதைப் பொழிப்பாகவே கொள்ளும், மேற்கோள் குறி வேண்டாம்.

வவுனியா நூலகப் பணியாளர்:
ஸொட்டேரோ (உசாத்துணைகளைத் தொகுக்கும் மென்பொருள்) பாவிப்பீர்கள் என்றால் தமிழ்ப் பெயர்களைக் கையால் சரிபாருங்கள். கார்த்திகேசு சிவத்தம்பியை ‘கார்த்திகேசு’ என்று காட்டினால் அது தகப்பனின் பெயர். ‘சிவத்தம்பி, கா.’ என்று வர வேண்டும்.

ஒட்டுசுட்டான் மாணவி:
நன்றி அக்கா. ஒப்புதல் படிவம் வாங்கித்தான் பேசினேன். அதில் பெயர் வெளியிடோம் என்று இருக்கிறது. ஆனால் ஐயா, ‘என்ர பேரைப் போடு பிள்ளை’ என்கிறார்.

கனகராயன்குளம் ஆசிரியை:
அப்படியென்றால் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, பெயர் வெளியிடச் சம்மதம் என்று புதிதாக எழுத்தில் வாங்குங்கள். அதற்கு ஏபிஏயில் தடையில்லை. கையெழுத்து வைக்க முன் காணி பற்றி அவர் சொன்ன பந்திகளை ஐயாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். எடுக்கச் சொன்னதை எடுத்துவிட்டு மிச்சத்தை அவர் பெயரோடே போடுங்கள்.