தியவன்னா வாவிக்குப் பிள்ளைகளோடு போக உதவி வேண்டும்

அண்ணாமார், அக்காமார், வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் தரம் 8 பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த மாதம் அவர்களைத் தியவன்னா வாவிக்குக் கூட்டிப்போக எண்ணம்.

கோட்டேயில் இலங்கைப் பாராளுமன்றத்தைச் சுற்றி அந்தத் தண்ணீர் எப்போதும் இருந்தது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். சதுப்பு நிலத்தைத் தோண்டி உண்டாக்கிய வாவி அது. ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பாராளுமன்றக் கட்டிடம் 1982இல் அங்கே திறக்கப்பட்டது. மழைத் தண்ணீரைத் தேக்கி, கால்வாய்கள் வழியாக மெல்ல விடுவது வாவியின் முக்கிய வேலை. களனி கங்கை பெருகி நிற்கும் நேரம் அந்தப் பக்கம் தண்ணீர் வடியாது, அப்போது வாவியும் சுற்றியுள்ள சதுப்பும்தான் தாங்க வேண்டும். 2010 நவம்பரில் தாங்காமல் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது! நம் வெள்ளவத்தைக் கால்வாயும் இதே வடிகால் வலையில் ஒரு கிளை என்றால் பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். வாவியிலிருந்து தண்ணீர் கால்வாய்க்குள் போகும் இடத்தைக் கரையில் நின்றே பார்க்க முடியுமா? வேனை எங்கே நிறுத்தலாம்? வாவிக்கரைப் பூங்காவான தியத உயன பக்கம் மீனுக்குத் தீனி போடுவதிலேயே நேரம் போய்விடும், எனக்கு அது வேண்டாம். பெத்தகான ஈரநிலப் பூங்காவில் தமிழில் விளக்கிச் சொல்ல யாராவது இருக்கிறார்களா? கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு) குறுக்கே வந்தால் பிள்ளைகள் போடும் கூச்சலை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அப்புறம், வாவி தோண்டுவதற்கு முந்திய கோட்டே, பத்தரமுல்லைப் படங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் போனில் எடுத்து இங்கே போடுங்கள்.