சீனர்கள் ஓய்வு வயது பற்றிப் பேசுவதை எங்கே படிப்பது?

சீனாவில் ஓய்வு வயதை ஏற்றியது பற்றி அங்குள்ள சாதாரண ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று படிக்க வழி தெரியாமல் நிற்கிறேன். 2024 செப்டம்பரில் முடிவானது. 2025 ஜனவரி தொடங்கி 15 ஆண்டுகளில் ஆண்களுக்கு 60இலிருந்து 63, ஆலைப் பெண்களுக்கு 50இலிருந்து 55. வயது 35 தாண்டினாலே வேலை கிடைக்காது என்று புலம்பும் நாட்டில் 63 வரை யார் வைத்திருப்பார்கள்? அந்தக் கோபம்தான் எனக்கு வேண்டும், அரசு அறிக்கை அல்ல.

ஒரு சீனச் செயலியில் பதியப் பார்த்தேன், இந்திய எண்ணுக்கு ஓடிபி வரவில்லை. இன்னொன்றில் செய்திக்குக் கீழே பாராட்டு மட்டும்தான். இயந்திர மொழிபெயர்ப்பில் கிண்டலெல்லாம் செத்துவிடுகிறது. எனக்குச் சீனம் தெரியாது, இருப்பது ஆண்ட்ராய்டு போன்.

சீன எண் இல்லாமல், அங்குள்ள தொழிலாளர்கள் எழுதுவதை நல்ல மொழிபெயர்ப்பில் எங்கே படிக்கலாம்?