பேண்டேஜைப் புதுப்பித்ததும் கிராஃப் மாறிவிட்டது, அசெம்ப்ளி கெட்டுவிட்டதா?

கென்ட்ரிட்ஜ்_ராக்கோழி:
வணக்கம். இங்கே மாஸ்டர்ஸ் படிக்கிறேன். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியை ஸ்பேட்ஸ் மென்பொருளில் அசெம்பிள் செய்து (படித்த டிஎன்ஏ துண்டுகளை ஒட்டி), எந்தத் துண்டு எதோடு இணைகிறது என்று சொல்லும் அந்த ஜிஎஃப்ஏ கோப்பை, அதைப் படமாக (கிராஃப்) வரைந்து காட்டும் பேண்டேஜ் மென்பொருளில் திறந்து பார்ப்பது வழக்கம். போன வாரம் லேப் கணினியில் யாரோ பேண்டேஜைப் புதுப்பித்துவிட்டார்கள், வெறும் பராமரிப்பு வெளியீடுதானாம். ஆனால் அதே கோப்பைத் திறந்தால் வலப்பக்கம் தனியாக இருந்த வட்டம் கீழே போய்விட்டது, நடுவில் இருந்த சிக்கல் வேறு மாதிரி முறுக்கிக்கிடக்கிறது, நிறங்களும் பழையபடி இல்லை. பழைய படம் ஏற்கெனவே ஆய்வறிக்கையில் ஏறிவிட்டது, வெள்ளிக்கிழமை பேராசிரியரைப் பார்க்க வேண்டும். என்ன செய்ய?

கோப்பி_ஓ_கோசோங்:
தம்பியோ தங்கையோ, முதலில் மூச்சு விடுங்கள். புதிய பதிப்பிலேயே 'கிராஃப் வரை' பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பாருங்கள், இரண்டு படம் வரும். 2015-இல் மெல்பர்னிலிருந்து வெளிவந்த நாள் முதல் இது இப்படித்தான். உள்ளே ஓஜிடிஎஃப் என்ற நிரல் நூலகம் கணுக்களை (படத்தில் உள்ள டிஎன்ஏ துண்டுகளை) ஒன்றையொன்று தள்ளவும் இழுக்கவும் விட்டு இடம் தேடுகிறது, தொடக்கம் ஒவ்வொரு முறையும் வேறு. வலம், இடம், மேல், கீழ் எதற்கும் அர்த்தமில்லை லா, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பது மட்டும்தான் சேதி. நிறமும் சும்மா குலுக்கிப் போடுவதுதான், ஆழத்தை (ஒரு துண்டு எத்தனை முறை படிக்கப்பட்டது என்பதை) வைத்து நிறம் கொடுக்கச் சொன்னால்தான் அதற்குப் பொருள் வரும்.

சந்தேகம் தீரவில்லையா, கட்டளை வரியில் 'பேண்டேஜ் இன்ஃபோ' ஓட்டுங்கள். கணு எண்ணிக்கை, இணைப்பு எண்ணிக்கை, மொத்த நீளம், என்50 (துண்டுகளின் நீளத்துக்கான ஓர் அளவுகோல்), முட்டுச்சந்துகள் (எதோடும் இணையாத முனைகள்) எல்லாம் பழைய பதிப்பிலும் புதியதிலும் ஒன்றாக இருந்தால் கோப்பு அப்படியே இருக்கிறது. மாறினால் மட்டும் பக் என்று எழுதிப் போடுங்கள்.

ஈரமேசை:
அந்தச் சிக்கலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ரைபோசோம் ஆர்என்ஏ ஓபரான் என்ற மரபணுத் தொகுப்பு ஈ கோலை பாக்டீரியாவிலேயே 7 இடத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5,000 டிஎன்ஏ எழுத்து, உங்கள் கிருமியிலும் இதே கதைதான். 150 எழுத்து ரீடு (கருவி ஒரே தடவையில் படிக்கும் துண்டு) அதைத் தாண்டவே முடியாது, அதனால் எல்லா நகலும் ஒரே கணுவில் மடங்கிக்கொள்கிறது. தனி வட்டம் பிளாஸ்மிடாக (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சிறு டிஎன்ஏ வளையமாக) இருக்கலாம். ஆழம் குரோமோசோமைவிடக் கூடுதலா பாருங்கள், மருந்து எதிர்ப்பு மரபணுவை பேண்டேஜுக்குள்ளேயே பிளாஸ்ட் என்ற வரிசை தேடும் கருவியில் தேடுங்கள். அதற்கு பிளாஸ்ட் தனியாக நிறுவியிருக்க வேண்டும், கணினியில் யாரோ கை வைத்ததாகச் சொல்வதால் அது இன்னும் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மெக்_பழசு:
அந்த 'யாரோ'வைத் திட்ட வேண்டாம். க்யூடி (பேண்டேஜின் திரைச் சாளரங்களுக்கு அடியில் இருக்கும் நிரல் நூலகம்) ஒவ்வொரு முறை மாறும்போதும் யாராவது உட்கார்ந்து சரிசெய்யாவிட்டால் இந்த மாதிரி இலவச மென்பொருள் புது இயங்குதளத்தில் திறக்கவே திறக்காது, சம்பளம் இல்லாத வேலை. ஆய்வறிக்கையில் பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள்.

கென்ட்ரிட்ஜ்_ராக்கோழி:
தங்கைதான், அண்ணா. இன்ஃபோ ஓட்டினேன், ஓர் எண் கூட மாறவில்லை. வட்டத்தின் ஆழம் குரோமோசோமைப் போல மூன்று மடங்கு. ஆனால் ஆய்வறிக்கையில் மூன்று பக்கத்துக்கு 'அந்த ஊதா நிறக் கணு' என்றே எழுதி வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் கணு எண்ணாக மாற்ற இப்போது உட்காருகிறேன்.