உங்களை நிறுத்தி வைத்த கல்லறை எது? காலோ-ரோமன் (ரோமானியர் ஆண்ட கால் நாடு, அதாவது இன்றைய பிரான்சும் அதை ஒட்டிய பகுதிகளும்) ஈமச் சின்னங்கள்: அனுபவப் பகிர்வு

கல்வெட்டுக் கிறுக்கன் (தொடங்கியவர்)

ஜெர்மனியின் ட்ரியரில் ரயில் ஏறினால் லக்சம்பர்க் போகும் வழியில் சில நிமிடங்களில் ஈகெல் என்ற சிற்றூர் வரும். அன்று அங்கே இறங்கியவன் நான் ஒருவன்தான். ஊர்ச் சாலையோரம், வீடுகளுக்கு நடுவே, 23 மீட்டர் உயரத்தில் ஒரு மணற்கல் தூண். சுற்றி வந்து அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது.

கி.பி. 250-ஐ ஒட்டி செகுண்டினியுஸ் என்ற துணி வணிகக் குடும்பம் எழுப்பியது. உச்சியில், கிரேக்கக் கதையில் வரும் கானிமீட் என்ற இளைஞனைத் தூக்கிச் செல்லும் கழுகு. நடுவே ஹெர்குலிஸ், அக்கிலிஸ் கதைகள். அவற்றை விட்டுவிடுங்கள், எல்லா ஊரிலும் உண்டு. என்னைப் பிடித்து நிறுத்தியவை கீழே உள்ள சிறு காட்சிகள்தான். ஆட்கள் துணியை விரித்துப் பிடித்துத் தரம் பார்க்கிறார்கள். படகைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். பொதி சுமந்த கழுதைகள் மலை ஏறுகின்றன. சமையற்கட்டில் வேலை நடக்கிறது. ஈமச் சின்னத்தில் கடைக் கணக்கும் அடுப்பும்! சாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மனமில்லாதவர்கள் போல.

இது தப்பிப் பிழைத்த கதை இன்னும் வேடிக்கையானது. இதைப் போன்ற தூண்கள் அந்த வட்டாரத்தில் நிறைய இருந்தன, பெரும்பாலானவை உடைக்கப்பட்டன. இதை மட்டும், கிறிஸ்தவத்தை ஏற்ற கான்ஸ்டன்டைன் பேரரசரின் பெற்றோர் திருமணத்துக்கு எழுப்பிய சின்னம் என்று இடைக்காலத்தில் நம்பினார்கள். அதனால் கை வைக்கவில்லை. தப்பாகப் படித்ததால் பிழைத்த கல்!

உங்களுடையதைச் சொல்லுங்கள். நேரில் பார்த்ததாக இருந்தால் நல்லது.

ஓய்வு பெற்ற ஆசிரியை

நீங்கள் ஈகெலோடு திரும்பிவிட்டீர்களா? ட்ரியர் அருங்காட்சியகத்துக்குள் போகவில்லையா? முற்றத்தில் அந்தத் தூணின் வண்ணம் தீட்டிய நகல் நிற்கிறது. இந்தக் கற்கள் அந்தக் காலத்தில் வெறுங்கல்லாக இருந்ததில்லை. பளிச்சென்று வண்ணம் பூசியிருந்தார்கள். முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கூசியது. பிறகு பழகிவிட்டது.

என் கல் உள்ளே இருக்கிறது. மோசல் ஆற்றங்கரை நொய்மாகன் ஊரில் கிடைத்த ஈமச் சின்னத்தின் ஒரு துண்டு. நடுவில் தாடி வைத்த ஆசிரியர். இரு பக்கமும் நாற்காலியில் இரண்டு மாணவர்கள், கையில் சுருளேடு. வலது ஓரத்தில் மூன்றாவது பையன் நிற்கிறான். எழுதும் பலகையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையைத் தூக்கி வணக்கம் வைக்கிறான். தாமதமாக வந்திருக்கிறான்!

முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பு எடுத்தவள் நான். அந்தக் கை தூக்கும் விதம் எனக்குத் தெரியும். "பஸ் வரவில்லை டீச்சர்" என்று சொல்வதற்கு முன் வருகிற கை அது. கூட வந்த மருமகள், தனியாக நின்று ஏன் சிரிக்கிறீர்கள் அத்தை என்று கேட்டாள்.

அதே அறையில் மதுப் பீப்பாய் ஏற்றிய கல் கப்பலும் இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும்.

தச்சர் பேரன்

நான் பிரான்சில், லியோனில் வேலை பார்க்கிறேன். 1885-இல் ரயில் பாதை போடத் தோண்டியபோது த்ரியோன் பகுதியில் ஒரு பெரிய கல்லறை வரிசை வெளிப்பட்டது. அதில் சிலவற்றைப் பெயர்த்து ஃபூர்வியேர் குன்றின் மேல் ஒரு சதுக்கத்தில் மறுபடி அடுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இறந்தவர்களைச் சாலையோரத்தில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி வைத்த ரோமானியர்களுக்கு இது பிடித்திருக்கும்.

ஆனால் நான் எழுத வந்தது ஒரு கருவியைப் பற்றி. அருங்காட்சியகத்தில் கல்லறைக் கல் ஒவ்வொன்றிலும் முதலில் டி, எம் என்று இரண்டு எழுத்து இருக்கும்: டிஸ் மானிபுஸ், அதாவது மறைந்தோரின் ஆவிகளுக்கு. கூடவே பல கற்களில் ஏதோ கொக்கி போல ஒரு வடிவம். நான்காவது கல்லுக்கு வந்தபோதுதான் உறைத்தது. வாச்சி! எங்கள் தாத்தா மரம் செதுக்கிய அதே வாச்சி. வளைந்த வாய், குட்டைப் பிடி. லத்தீனில் ஆஸ்கியா என்கிறார்கள். கல்வெட்டின் கடைசியில் "வாச்சியின் கீழ் அர்ப்பணித்தார்" என்று ஒரு வாய்பாடு வருகிறது. லியோனில் இது சர்வசாதாரணம்.

பொருள் என்ன? கல்லறை இன்னும் செதுக்கப்படும்போதே, வேறு யாரும் தொடாததாக, அர்ப்பணித்தார்கள் என்கிறார் ஒருவர். கல்லறையைக் கெடுக்க வருபவனுக்கு எச்சரிக்கை என்கிறார் இன்னொருவர். நூற்றாண்டுகளாகச் சண்டை ஓயவில்லை. காவலர் வந்து மூடும் நேரம் என்று சொல்லும்வரை வாச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கரோன் ஆற்றங்கரை

சுருக்கமாக. பிரான்சின் போர்தோ நகரம், அக்கித்தேன் அருங்காட்சியகம். ஒரு சிறு பெண்ணின் கல். இரண்டு கையாலும் பூனைக்குட்டியை மார்போடு அணைத்திருக்கிறாள், பிடிக்கத் தெரியாத பிடி. பூனையின் உடல் நீளமாகத் தொங்குகிறது. காலடியில் ஒரு சேவல் அந்தப் பூனையின் வாலைக் கொத்துகிறது. கல்லை வைத்தவர் தகப்பன், பெயர் லயேட்டுஸ். லத்தீனில் அதற்கு மகிழ்ச்சியானவன் என்று பொருள்.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், வீட்டில் பூனையும் உண்டு. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

கல்வெட்டுக் கிறுக்கன்

நண்பரே, அந்தக் கல்லைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இந்தப் பகுதிக் கற்கள் இவ்வளவு கிடைத்ததற்குக் கோட்டைச் சுவர்களும் ஒரு காரணம். 3ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நகரங்கள் சுருங்கி, அவசரமாகச் சுவர் எழுப்பிக்கொண்டன. வாசலுக்கு வெளியே இருந்த கல்லறைகள்தான் கைக்கெட்டிய கல் குவியல். அடித்தளத்தில் போட்டுப் புதைத்தார்கள். போர்தோவிலும் இதுதான், நொய்மாகனிலும் இதுதான். ஆசிரியை சொன்ன அந்தத் தாமதப் பையன் ஒரு கோட்டையின் அஸ்திவாரத்துக்குள்தான் ஒளிந்திருந்தான்.

மாற்றுக் கருத்து

எல்லோரும் நெகிழ்கிறீர்கள், நான் திட்டப்போகிறேன். தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரத்து அலிஸ்கான் என்ற பழைய ரோமானிய இடுகாடு; "எலீசிய வயல்கள்" (நல்லோர் இறந்தபின் போகும் இடம்) என்பதிலிருந்து வந்த பேர். வான்கோவும் கோகனும் 1888-இல் வரைந்தது. எதிர்பார்த்துப் போனேன். மரங்களுக்கு நடுவே மூடியில்லாத, செதுக்கு வேலை இல்லாத வெற்றுக் கல் சவப்பேழைகள் வரிசை. நல்லவற்றைப் பல காலமாக ஊரார் பிரமுகர்களுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ரயில்வே வேறு ஒரு பகுதியை விழுங்கியது. மிஞ்சிய அழகான பேழைகளைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

மறுநாள் சென் ரேமியில் கோபம் தணிந்தது. அங்கே கிளானும் என்ற பழைய ரோமானிய ஊரின் வாசலில் பதினெட்டு மீட்டர் உயரச் சின்னம். அதையும் தப்பாகத்தான் படித்தார்கள், அகஸ்டஸின் பேரன்களுக்கென்று. கல்வெட்டு சொல்வதோ நேரடியானது: யூலியுஸ் குடும்பத்து செக்ஸ்டுஸ், லூகியுஸ், மார்குஸ், தங்கள் பெற்றோருக்கு. மூன்று பிள்ளைகள் செய்த கடமை. மேலே வட்ட மண்டபத்தில் இரண்டு உருவங்கள் நிற்கின்றன. தலைகள் பின்னால் ஒட்டியவை.

காகிதப் பூச்சி

நான் பார்த்தது கல் இல்லை, அச்சில் வந்த ஒரு பிரதி. பிரான்சின் லாங்ர் பகுதியில் வாழ்ந்த லிங்கோன் என்ற கால் இனக்குடியைச் சேர்ந்த, ரோமானியர் காலத்துச் செல்வன் ஒருவனின் உயில். நினைவு மண்டபம் எப்படி இருக்க வேண்டும், தன் சிலை கடல் கடந்து வந்த பளிங்கா வெண்கலமா, மண்டபம் திறக்கும் நாட்களில் என்ன விரிப்பு, எத்தனை மெத்தை, தோட்டத்துக்கு மூன்று தோட்டக்காரர், அவர்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு கோதுமை என்று எல்லாம் எழுதி வைத்தான். வேட்டைக் கருவிகளை ஈட்டி, வலை உட்படத் தன்னோடு சேர்த்து எரிக்கச் சொன்னான்.

அந்த மண்டபம் எங்கே நின்றது என்று இன்றுவரை அடையாளம் தெரியவில்லை. 10ஆம் நூற்றாண்டில் யாரோ பிரதி எடுத்த உயிலின் ஏடு சுவிட்சர்லாந்தின் பாஸலில் இருக்கிறது.