கைப்பிள்ளையோடும் தள்ளுவண்டிலோடும் விமானப் பயணம்: உதவி தேவை

வணக்கம் அக்காமார், அண்ணாமார். நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். அடுத்த மாதம் ஒன்றரை வயது மகளோடு தனியாக லண்டன் போகிறேன், டோஹாவில் விமானம் மாற வேண்டும். இரண்டு வயதாகாததால் மடியிலேயே வைத்திருக்கலாம், அது சரி.

என் பெரிய கவலை பிள்ளையின் தள்ளுவண்டில். விமான வாசலில் அதைக் கொடுத்தால் டோஹாவில் இறங்கும்போதே திருப்பித் தருவார்களா, இல்லை லண்டனில்தான் கிடைக்குமா? அவ்வளவு பெரிய விமான நிலையத்தில் நித்திரையான பிள்ளையையும் பையையும் தூக்கிக்கொண்டு நடக்க என்னால் ஏலாது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு வண்டிலை மடித்து எக்ஸ்ரேயில் போடும்போது பிள்ளையைப் பிடிக்க யாராவது உதவுவார்களா? பிறகு, பால் கரைக்கச் சுடுதண்ணீர் விமானத்தில் கேட்டால் தருவார்களா?

அண்மையில் இப்படிப் போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.